எதிர்கால ஆன்மாவுக்கு ஒரு பேழை

1890-ஆம் ஆண்டின் கோடையில், விரைந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு தனி ரயிலில் அமர்ந்து, 52 வயதுப் பெண்மணி ஒருவர் கடிதம் எழுதினார். பெறுநரின் பெயர் அதில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, ஏனெனில் அது அறுபது ஆண்டுகள் கழித்துப் படிக்கப்பட வேண்டிய கடிதம். ‘எதிர்கால ஆன்மா’ என்று விளித்துத் தொடங்கும் அக்கடிதத்தைத் தன் கவிதைகளுடன் ஒரு பேழையில் வைத்து முத்திரையிட ஏற்பாடு செய்தார். 1950-ல் அப்பேழை சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தலைவரிடம் சேர்க்கப்பட வேண்டும். கவிதைகள் நூலாக வரவேண்டும். அதில் கிடைக்கும் பணம் அரசியல் காரணங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கும், அவர்களின் ஆதரவற்ற குடும்பத்தாருக்கும் போய்ச்சேர வேண்டும். கடிதத்தின் கீழே ‘டைட்டானியா’ என்று கையொப்பமிட்டிருந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வரும் தேவதைகளின் அரசி அவள்.

எழுதியவரும் ஓர் அரசிதான். ஆஸ்திரியாவின் பேரரசி, ஹங்கேரியின் அரசி, எலிசபெத். வீட்டில் அழைத்த பெயர் சிஸி. அவர் கணவர் ஃப்ரான்ஸ் ஜோசப், 1848-ல் பதினெட்டு வயதில் அரியணை ஏறியவர். அடுத்த ஆண்டே ஹங்கேரியின் எழுச்சி நசுக்கப்பட்டு, அராத் நகரில் ஒரே நாளில் 13 தளபதிகள் கொல்லப்பட்டனர். அரசியல் கைதிகளை அப்படி நடத்திய ஓர் ஆட்சியின் பேரரசி, தன் எழுத்தின் வருமானத்தை அத்தகைய கைதிகளுக்கு எழுதி வைக்கிறார். அதையும் தன் கணவரின் நாட்டை நம்பாமல், அரசர்களே இல்லாத ஒரு குடியரசை நம்பி ஒப்படைக்கிறார். இந்த ஒரு செய்திதான் என்னை அவரை நோக்கி இழுத்தது.

அதற்கு முன்பு நானும் அவரை ஒரு முகமாக மட்டுமே அறிந்திருந்தேன். வியன்னாவிலிருந்து வரும் நண்பர்கள் கொண்டுவரும் சாக்லேட் பெட்டிகளின் மேல் அந்த முகம் இருக்கும். இடுப்புக்குக் கீழே வழியும் பின்னல், அதில் நட்சத்திரங்களாக வைரங்கள், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் கண்கள். 1865-ல் வின்டர்ஹால்டர் தீட்டிய ஓவியம் அது. பின்னர் வரலாற்றாசிரியர் பிரிகிட்டே ஹாமன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அதன் பக்கங்களுக்கு நடுவே ஆங்காங்கே வரும் கவிதைத் துண்டுகள், வாசித்து முடித்தபின்னும் விட்டுப் போகவில்லை. பெட்டியின் மேலிருந்த முகத்துக்கும் அந்த வரிகளுக்கும் எந்த உறவும் இருப்பதாகத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

*

எலிசபெத் 1837 டிசம்பர் 24 அன்று மியூனிக்கில் பிறந்தார். தந்தை பவேரிய அரச குலத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த கோமகன் மாக்ஸ். ஆட்சிப் பொறுப்பு ஏதுமற்றவர், ஊர்சுற்றி, ஸிதர் வாசிப்பவர். குழந்தைகள் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் போஸன்ஹோஃபென் மாளிகையில் கோடைக்காலங்களைக் கழித்தார்கள். 1853 ஆகஸ்டில், பாட் இஷ்ல் என்னும் மலையூரில், பேரரசருக்கு மூத்தவள் ஹெலனைப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. துணைக்கு வந்த தங்கையைப் பேரரசர் தேர்ந்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது 15. மாப்பிள்ளை, தாயின் அக்கா சோஃபியின் மகன். நம்முடைய உறவுமுறையில் அண்ணன் என்று அழைக்கப்பட வேண்டியவர். ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு அது ஒரு தடையே அல்ல. 1854 ஏப்ரல் 24 அன்று வியன்னாவின் அகஸ்டீனியத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. பெரியம்மா மாமியாரானார்.

பின்னர் நிகழ்ந்தவை ஒரு மாமியார் கொடுமைக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. அப்படிச் சுருக்குவது இருவருக்குமே அநீதி என்று நினைக்கிறேன். சோஃபி ஒரு பேரரசு சரிந்துவிடாமல் தாங்கி நின்ற பெண். 1848-ன் புரட்சியின்போது மகனை அரியணையில் அமர்த்தியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பார்வையில் பேரரசி என்பது ஒரு பதவி. வந்திருந்ததோ பதினாறு வயதுப் பெண். முதல் குழந்தைக்குப் பாட்டியின் பெயரே வைக்கப்பட்டது. பிறந்த குழந்தைகள் பாட்டியின் மாளிகைப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1857-ல் எலிசபெத் பிடிவாதமாகத் தன் இரு பெண் குழந்தைகளையும் ஹங்கேரிப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார். மூத்தவள் சோஃபி இரண்டு வயதில் புடாவில் நோயுற்று இறந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு குழந்தைகளுக்காகப் போராடும் உறுதியை அந்தத் தாய் நெடுநாள் இழந்துவிட்டார். 1858-ல் பிறந்த ஒரே மகன் ருடால்ஃபையும் பாட்டியே வளர்த்தார்.

1860-ன் இறுதியில் நோயைக் காரணமாகக் கொண்டு மதேய்ரா தீவுக்குச் சென்றார். பிறகு கோர்ஃபு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அரண்மனையை விட்டு விலகியிருந்து, 1862-ல் திரும்பி வந்தவர் வேறொருவர். தன் அழகு ஓர் ஆற்றல் என்பதைத் தெரிந்துகொண்டு வந்தவர். 1865 ஆகஸ்டில், ஆறு வயதைக் கடந்திருந்த ருடால்ஃபைத் துப்பாக்கி வெடிகளாலும் குளிர்நீராலும் ‘உறுதியாக்கி’க் கொண்டிருந்த இராணுவ ஆசிரியரை நீக்கும்படி கணவருக்கு எழுத்தில் இறுதி எச்சரிக்கை விடுத்தார். குழந்தைகள் தொடர்பான எல்லா முடிவுகளும் தன்னுடையவை, தான் எங்கே தங்குவது என்பதும் தன் முடிவு என்பது அதன் சாரம். பேரரசர் பணிந்தார். ஆசிரியர் மாற்றப்பட்டார். தாராளவாதச் சிந்தனை கொண்ட ஆசிரியர்கள் மகனுக்கு வாய்த்தனர். ஆனால் போராடி மீட்ட மகனோடு அவர் இருக்கவில்லை. 1868-ல் பிறந்த கடைசி மகள் மேரி வலேரியை மட்டுமே தன் குழந்தையாக உணர்ந்தார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் பகுதி இதுவே. உரிமைக்காக நின்று வென்றவர், வென்றதன் பொறுப்பை ஏற்காமல் நகர்ந்துவிடுகிறார்.

அரசியலில் அவர் ஒருமுறை மட்டுமே தலையிட்டார். அது ஹங்கேரிக்காக. அந்த மொழியைக் கற்றார். ஹங்கேரியப் பெண் ஈடா ஃபெரென்ஸியை வாசகத் தோழியாக அமர்த்திக்கொண்டார். 1849 எழுச்சியில் பங்கேற்றதற்காக, ஆள் இல்லாமலேயே பெயரைத் தூக்கிலிட்டுத் தண்டிக்கப்பட்ட ஆண்ட்ராஷி அவருடைய நண்பரானார். 1867-ல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் சம உரிமையுள்ள இரட்டை முடியாட்சியாயின. அதே ஆண்டு ஜூன் 8 அன்று முடிசூட்டு விழாவில், முன்பு தூக்குத்தண்டனை பெற்ற ஆண்ட்ராஷி பிரதமராக நின்றார். அந்த உடன்பாட்டில் செக் மக்களும் பிற ஸ்லாவிய இனத்தவரும் இடமின்றிப் போயினர். பேரரசு உடைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக அதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஹங்கேரியர்கள் இன்றுவரை அவரைத் தங்கள் அரசியாகவே நினைக்கிறார்கள்.

*

அந்த முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அது இயற்கை தந்த கொடை மட்டுமல்ல, நாள்தோறும் மணிக்கணக்கில் செய்யப்பட்ட வேலை. 172 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர் தன் எடையை ஏறத்தாழ 50 கிலோவுக்குள் வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார். வியன்னா ஹோஃப்பர்க் அரண்மனையில் அவருடைய அறையில் உடற்பயிற்சி வளையங்களையும் சுவர்க் கம்பிகளையும் இன்றும் காணலாம். கணுக்காலைத் தொடும் கூந்தலைச் சீவி முடிய நாளும் இரண்டு மூன்று மணிநேரம். முட்டையும் கோன்யாக்கும் கலந்து தலைமுழுகும் நாளில் வேறு எந்த வேலையும் இல்லை. கூந்தலை அலங்கரித்த ஃபானி ஆங்கரர் நாடக அரங்கிலிருந்து அழைத்து வரப்பட்டவர். 1890-களின் தொடக்கத்தில் கிரேக்கம் கற்பிக்க வந்த கான்ஸ்டன்டின் கிறிஸ்டோமனோஸ், உதிர்ந்த முடிகள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து அவர் முன் காட்டப்படுவதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த மணிநேரங்களில் அவர் படித்தார், மொழிகள் கற்றார். தலை ஒருவர் கையில், மனம் ஹோமரிடம்.

முப்பது வயதைத் தாண்டியதும் புகைப்படம் எடுக்க மறுத்துவிட்டார். வெளியே செல்லும்போது விசிறி, முகத்திரை, குடை. பிற்காலப் படங்கள் என்று புழங்கியவை பழைய படங்களைத் திருத்தி உண்டாக்கியவை. ஆகவே உலகின் கண்ணில் அவர் மூப்படையவே இல்லை. இதை அகந்தை என்று சொல்லிக் கடந்துவிடலாம். தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தைத் துருப்பிடிக்காமல் பாதுகாத்த ஒருவரின் அச்சம் என்றும் சொல்லலாம். எப்படியிருந்தாலும் பின்னாளில் நடந்ததற்கு ஒரு பங்கு அவரே செய்து வைத்துப் போனது. தன் படிமத்தை இவ்வளவு கவனமாக அழியாமல் ஆக்கிய ஒருவர், தன் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று விரும்பினார். இரண்டையும் ஒரே எதிர்காலத்திடம் ஒப்படைத்தார்.

*

கவிதைகளை அவர் சிறுமியாக இருந்தபோதே எழுதியிருக்கிறார். ஆனால் பேழையில் வைத்தவை பெரும்பாலும் 1885-க்கும் 1888-க்கும் இடையே எழுதியவை. அந்த ஆண்டுகளில் அவர் மனம் முழுவதையும் ஒரு இறந்த கவிஞர் ஆட்கொண்டிருந்தார், ஹைன்ரிஹ் ஹைனே. 1856-ல் பாரிஸில் நாடுகடந்த வாழ்வில் மறைந்தவர். யூதராகப் பிறந்தவர். அரசர்களையும் தேசியப் பெருமிதத்தையும் எள்ளி நகையாடியவர். ஜெர்மன் தேசியவாதிகளுக்கு அறவே பிடிக்காதவர். அவரை எலிசபெத் ‘ஆசான்’ என்றே அழைத்தார். ஹாம்பர்கில் வாழ்ந்த ஹைனேயின் முதிய சகோதரியைத் தேடிச்சென்று சந்தித்தார். தன் வரிகளை ஆசானின் ஆவி தனக்குச் சொல்லித்தருவதாகவே நம்பினார். நம் மரபில் இது புதிதல்ல. நாவில் அமர்ந்து சொல்லவைக்கும் தெய்வங்களை நாம் அறிவோம். ஒரு கத்தோலிக்கப் பேரரசியின் நாவில் வந்து அமர்ந்தது ஒரு நாத்திகச் சாயல் கொண்ட கலகக்காரரின் ஆவி என்பதுதான் வியப்பு.

அவை நல்ல கவிதைகளா? இல்லை என்றே சொல்லவேண்டும். ஜெர்மன் அறிந்த நண்பர் ஒருவரிடம் சில கவிதைகளை வரிவரியாகக் கேட்டுப் பார்த்தேன். எதுகைக்காகச் சொற்கள் இழுக்கப்படுகின்றன. ஹைனேயின் கடற்பாடல்களின் நிழல் எல்லாப் பக்கத்திலும் விழுந்திருக்கிறது. ஹைனே ஒரு கவிதையை உருக்கமாக வளர்த்து, கடைசி வரியில் தானே அதைப் பார்த்துச் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு எலிசபெத்துக்குக் கூடிவருவதில்லை. அவர் நையாண்டி செய்கிறார், ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிக்க அவரால் முடியவில்லை.

இருந்தும் நான் அவற்றை ஒதுக்கவில்லை. அவற்றில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஹாப்ஸ்பர்க் உறவினர்கள் விருந்து மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் காட்சியை, அந்த மேசையிலேயே அமர்ந்திருப்பவரின் கண்களால் ஏளனமாகக் காண்கிறோம். பிரபுக்களின் வெறுமையும், உழைப்பவரின் வியர்வையில் நடக்கும் ஆடம்பரமும், எதற்கென்றே தெரியாமல் மூளும் போர்களும் அவற்றில் வருகின்றன. பேரரசு நெடுநாள் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். டைட்டானியாவாகத் தன்னையும், ஓபரானாகக் கணவரையும் வைத்து எழுதினார். தன்னைச் சுற்றி வந்த காதலர்களுக்கு, மந்திரத்தால் டைட்டானியா அணைத்துக்கொள்ளும் அந்தக் கழுதையின் வேடம். 1886-ல் கட்டி முடிக்கப்பட்ட ஹெர்மஸ் மாளிகையில் அவருடைய படுக்கையறைச் சுவர்களில் அந்த நாடகத்தின் காட்சிகளே தீட்டப்பட்டுள்ளன. பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் அவருடைய உறவினர், அவரைப்போலவே உலகத்திலிருந்து விலகியவர். கவிதைகளில் லுட்விக் கழுகு, தான் கடற்பறவை. 1886 ஜூனில் லுட்விக் மனநோயாளி என்று அறிவிக்கப்பட்டு, சில நாட்களில் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பிணமாகக் கிடந்தார். எலிசபெத் சிறுமியாக நீந்திய அதே ஏரி.

அவர் பைத்தியம் என்ற எல்லைக்கோட்டைக் குறித்து இடைவிடாமல் யோசித்தவர். மனநோய் இல்லங்களுக்குச் சென்று பார்த்தார். 1871-ல் பரிசாக என்ன வேண்டும் என்று பேரரசர் கேட்டபோது, ஒரு வங்கப்புலியும் ஒரு பதக்கமும் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும்விட எல்லா வசதிகளும் கொண்ட ஒரு மனநோய் இல்லம்தான் தனக்கு மகிழ்ச்சி தரும் என்று எழுதினார். பதக்கம் கிடைத்தது.

இந்தக் குடியரசு மனம் கொண்டவர் எதில் வாழ்ந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேட்டைக் குதிரைகள், இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கழித்த குதிரையேற்றப் பருவங்கள், மாளிகைகள், கப்பல் பயணங்கள், எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தவர் அவர் ஏளனம் செய்த பேரரசர்தான். விடியுமுன் எழுந்து கோப்புகளில் கையெழுத்திட்டு, மனைவியின் நெடும்பயணங்களுக்குப் பின்னால் அன்பு நிறைந்த கடிதங்களை அனுப்பிக்கொண்டிருந்த மனிதர். தன் இடத்தை நிரப்ப கதரீனா ஷ்ராட் என்ற நடிகையை எலிசபெத்தே முன்னின்று அவருக்குத் தோழியாக்கினார். இதைக் கருணை என்பதா, தப்பிக்கும் வழி என்பதா? இரண்டுமாக இருக்கலாம்.

*

1889 ஜனவரி 30 அன்று மாயர்லிங் வேட்டை மாளிகையில் ருடால்ஃப், பதினேழு வயது மேரி வெட்சராவைக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். மகனும் ரகசியமாக எழுதியவர். தன் தந்தையின் ஆட்சியை விமர்சித்து நாளேட்டில் பெயரின்றிக் கட்டுரைகள் வெளியிட்டவர். தாயின் கவிதைகளில் இருந்த அதே கோபம் அவருடைய உரைநடையில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இருவர், ஒருவர் எழுதுவதை மற்றவர் படிக்காமல், ஒரே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைவிடத் துயரமான ஒன்றை அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் நான் காணவில்லை.

அதன்பின் கவிதை ஏறக்குறைய நின்றுவிட்டது. 1890 பிப்ரவரியில் ஆண்ட்ராஷி மறைந்தார். மே மாதம் அக்கா ஹெலன். ஜூலை இறுதியில் வலேரியின் திருமணம். ரயிலில் அமர்ந்து எழுதிய அந்தக் கடிதம் இந்தக் கோடைக்குரியது. பேசுவதற்கு அருகில் ஒருவரும் மிச்சமில்லாதபோதுதான் இன்னும் பிறக்காதவரிடம் பேசத் தோன்றியிருக்கிறது.

கோர்ஃபுவில் அவர் கட்டிய அக்கிலியன் மாளிகை அடுத்த ஆண்டு முடிந்தது. அங்கே அவருக்குப் பிடித்த சிற்பம், குதிகாலில் அம்பு தைத்து வீழ்ந்து கிடக்கும் அக்கிலீஸ். தோட்டத்தில் ஹைனேயின் சிலை. டுஸல்டோர்ஃபில் ஹைனேக்கு நினைவுச்சின்னம் எழுப்ப அவர் முன்பு ஆதரவளித்திருந்தார். யூத வெறுப்பாளர்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. அதற்காக எர்ன்ஸ்ட் ஹெர்ட்டர் செதுக்கிய லோரலை நீரூற்று கடைசியில் 1899-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் நிறுவப்பட்டது. தோட்டத்துச் சிலைக்கும் அதே கதிதான். 1907-ல் மாளிகையை வாங்கிய ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஹைனேயை அகற்றிவிட்டு, ஈட்டியேந்தி நிற்கும் வெற்றிவீரன் அக்கிலீஸை வைத்தார். ஹைனே ஹாம்பர்க் சென்று, பின்னர் பிரான்ஸின் தூலோன் நகரத் தோட்டத்தில் அடைக்கலமானார். தூக்கியெறியப்பட்ட ஒரு கவிஞரின் சிலை அகதியாக ஊர் ஊராக அலைந்ததை அறிந்தால் எலிசபெத் வியந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

*

பேழை தன் சொற்படி 1951-ல் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தலைவரை வந்தடைந்தது. அதற்குள் இரண்டு உலகப்போர்கள் முடிந்திருந்தன. ஹாப்ஸ்பர்க் முடியாட்சி 1918-லேயே இல்லாமலாகியிருந்தது. ஹைனேயின் நூல்கள் 1933-ல் ஜெர்மனியில் எரிக்கப்பட்டிருந்தன. ஆனால் பேழை திறந்ததும் யாரும் அதை உலகுக்குச் சொல்லவில்லை. கவிதைகள் ஆவணக் காப்பகத்துக்குள் சென்றன.

அந்த மௌனத்தின் நடுவேதான் படங்கள் வந்தன. 1955, 1956, 1957 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் எர்ன்ஸ்ட் மாரிஷ்கா இயக்கிய மூன்று திரைப்படங்கள். முதல் படம் வந்தபோது நாயகி ரோமி ஷ்னைடருக்கு வயது 17. ஏரி, குதிரை, காதல், கண்ணீர் வழியும் ஒரு சமாதானம். போரில் தோற்று, அந்நியப் படைகள் அப்போதுதான் வெளியேறியிருந்த ஆஸ்திரியாவுக்குக் குற்றமற்ற ஒரு கடந்தகாலம் தேவைப்பட்டது. அதை அந்தப் படங்கள் தந்தன. மூன்றாவது படம் வெனிஸில் தாயும் மகளும் இணைவதோடு மகிழ்ச்சியாக முடிகிறது. மாயர்லிங் இல்லை, ஹைனே இல்லை.

ஒரு தேதி என் மனதில் அகலாமல் நிற்கிறது. இரண்டாவது படம் ஹங்கேரிய முடிசூட்டு விழாவில் நிறைவடைவது. அது வெளியானது 1956 டிசம்பரில். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு புடாபெஸ்டில் எழுச்சி வெடித்து, சோவியத் டாங்கிகளால் நசுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2 லட்சம் ஹங்கேரியர்கள் நாட்டை விட்டு ஓடினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எல்லை கடந்து வந்தது ஆஸ்திரியாவுக்கு. ஆஸ்திரியத் திரையரங்குகளில் ஹங்கேரியின் அரசி முடிசூடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், அவருடைய ஹங்கேரியர்கள் அகதி முகாம்களில் குளிரில் இருந்தனர். அரசியலால் வீடிழந்தவர்களுக்கு அவர் எழுதி வைத்த கவிதைகள் சுவிட்சர்லாந்தில் ஒரு காப்பக அலமாரியில் இருந்தன. படம் கோடிகளை ஈட்டியது.

ரோமி ஷ்னைடர் நான்காவது படத்தில் நடிக்க மறுத்தார். அந்த முகம் தன்மேல் ஒட்டிக்கொண்டதை வாழ்நாள் முழுதும் வெறுத்தார். 1973-ல் வெளியான விஸ்கோன்தியின் ‘லுட்விக்’ படத்தில் மீண்டும் ஒருமுறை எலிசபெத்தாக வந்தார். கறுப்புடையும் கசப்பும் கூர்மையுமாக. அவரால் கடன் தீர்க்க முடிந்தது அவ்வளவுதான்.

கவிதைகள் 1984-ல் பிரிகிட்டே ஹாமனின் பதிப்பில் வெளிவந்தன. எழுதியவர் குறித்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் இன்னொரு தலைமுறைக் காலம் கடந்திருந்தது. அவர் விருப்பப்படியே வருமானம் ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் வழியாக அகதிகளுக்கு அளிக்கப்பட்டது. அதன்பின் 1992-ல் வியன்னாவில் அவரைப்பற்றிய இசை நாடகம், 2004-ல் ஹோஃப்பர்க்கில் அருங்காட்சியகம், 2022-ல் ‘கோர்சாஜ்’ திரைப்படமும் ஒரு தொலைக்காட்சித் தொடரும். இன்றைய சிஸி பணிவானவர் அல்ல, கலகக்காரி. உண்ண மறுப்பவர், சுருட்டும் புகைப்பவர், தோளில் நங்கூரம் பச்சை குத்திக்கொண்டவர். பழையதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. ஆனாலும் இதுவும் ஒரு படிமமே. கலகக்காரியின் முகமும் பெட்டிகளின் மேல் அச்சாகக் கூடியதுதான்.

*

அவர் சாவைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. 1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவாவில், ஹோஹனெம்ஸ் சீமாட்டி என்ற மறைபெயரில் தங்கியிருந்த எலிசபெத், விடுதியிலிருந்து படகுத்துறைக்கு நடந்துகொண்டிருந்தார். இளைஞன் ஒருவன் ஓடிவந்து மார்பில் மோதினான். விழுந்தவர் எழுந்தார், நன்றி சொன்னார், நடந்துபோய்க் கப்பலில் ஏறினார். இறுக்கிக் கட்டிய மார்க்கச்சு காயத்தை அழுத்தி வைத்திருந்தது. அது தளர்த்தப்பட்டபோதுதான் தோழி இர்மா ஸ்தாராய் இரத்தத் துளியைக் கண்டார். இதயத்தில் இறங்கியிருந்தது ஒரு கூராக்கிய அரம். நல்ல கத்தி வாங்க அவனிடம் பணம் இல்லை.

லூயிஜி லுக்கேனிக்கு அப்போது வயது 25. இத்தாலியன், கூலித் தொழிலாளி, தன்னை அராஜகவாதி என்று சொல்லிக்கொண்டவன். ஓர்லியான்ஸ் இளவரசரைக் கொல்ல வந்து, அவர் கிடைக்காததால், நாளேட்டில் பேரரசியின் வருகையைப் படித்து அவரைத் தேர்ந்தெடுத்தான். யாராவது ஓர் அரச வம்சத்தவர் போதும். அரச வம்சங்களை ஏளனம் செய்து மறைவில் எழுதிக்கொண்டிருந்த ஒருவரைத் தான் கொல்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

ஜெனீவாவில் மரண தண்டனை இல்லை. ஆயுள் சிறையில் அவன் படிக்கவும் எழுதவும் தொடங்கினான். பாரிஸில் பிறந்து பெற்றவளால் கைவிடப்பட்டு, அநாதை இல்லத்திலும் பராமரிப்புக் குடும்பங்களிலும் அடிபட்டு வளர்ந்த தன் பிள்ளைப்பருவத்தைப் பிரெஞ்சு மொழியில் ஐந்து நோட்டுப்புத்தகங்களில் எழுதினான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்ட ஒரு குழந்தையின் கதை என்று அதற்குப் பெயர் வைத்தான். 1909-ல் அந்த நோட்டுகள் அவன் அறையிலிருந்து பறிபோயின. அதன்பின் அவன் வெறிபிடித்தவன் போலானான். 1910 அக்டோபரில் சிறையில் தூக்கிட்டு இறந்தான். அவன் தலையை வெட்டியெடுத்துப் பதப்படுத்தினர். குற்றவாளியின் மண்டையில் குற்றத்தின் காரணத்தைத் தேடிய காலம் அது. 1980-களின் நடுவில் அத்தலை வியன்னாவுக்கு, பழைய மனநோய் இல்லமான நாரென்துர்ம் கோபுரத்தில் உள்ள மருத்துவக் காட்சியகத்துக்கு வந்தது. 2000-ல்தான் புதைக்கப்பட்டது. நோட்டுப்புத்தகங்கள் 1998-ல் நூலாயின, அவன் கொன்ற நாளிலிருந்து நூறாவது ஆண்டில்.

கொல்லப்பட்டவரும் கொன்றவனும் இருவருமே எதிர்காலத்துக்கு எழுதினார்கள். உலகம் ஒருவரின் முகத்தையும் மற்றவனின் தலையையும் பாதுகாத்தது. இருவரின் எழுத்தும் பிந்தியே வந்து சேர்ந்தது. இருவரையும் சமமாக்கிப் பார்க்க நான் விரும்பவில்லை. கொலை கொலைதான். துறையில் வீழ்ந்த அந்த அறுபது வயதுப் பெண் எந்தப் பேரரசின் பாவத்துக்கும் தனியொருவராகப் பொறுப்பல்ல.

ஆனால் 1890-ன் கடிதத்தை இப்போது மறுபடி படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிடுகிறேன். அரசியல் காரணங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு என்று எழுதியிருக்கிறார். யார், எந்த நாடு, என்ன குற்றம் என்று ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. அவர் எழுதிய சொற்களின்படி பார்த்தால், ஜெனீவாச் சிறையில் நோட்டுப்புத்தகத்தின் மீது குனிந்திருந்த அந்த மனிதனும் அந்தக் கொடைக்கு உரியவன்தான்.